பிரெஞ்சு ஸாரிடம் ஒரு கேள்வி

எங்கள் கல்லூரியில் ஆசிரியர்களுக்குப் பெயர் கிடையாது. நடத்துகிற பாடம்தான் பெயர். "என்ன கெமிஸ்ட்ரி, டீ குடிப்பமா?" என்று யாராவது கேட்டால் அது நான். "காமர்ஸ் வந்துட்டாரா?" என்றால் அப்பாத்துரை. ஒரு பாடத்துக்கு நாலைந்து பேர் இருந்தால் சீனியர், ஜூனியர், நெட்டை, குட்டை என்று பிரித்துக்கொள்வோம். நான் குட்டை கெமிஸ்ட்ரி. பாளையங்கோட்டையில் இதற்கெல்லாம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பிரெஞ்சுக்கு மட்டும் இந்தச் சிக்கல் வந்ததே இல்லை. பிரெஞ்சு என்றால் ஒரே ஆள், ஞானசம்பந்தன். துறைத் தலைவரும் அவரே, துறையும் அவரே, துறைக்கு ஆபீஸில் சாக்பீஸ் வாங்கி வருகிறவரும் அவரே.

திருநெல்வேலிச் சீமையில் பிரெஞ்சு எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். மார்க்குக்குத்தான், வேறு எதற்கு? டிகிரி படிக்கிற பிள்ளைகள் முதல் இரண்டு வருடம் ஏதாவது ஒரு மொழி எடுத்தாக வேண்டும். தமிழ் எடுத்தால் தமிழ் வாத்தியார்கள் மார்க்கைக் கிள்ளிக் கிள்ளித்தான் போடுவார்கள். பிரெஞ்சு எடுத்தால் அள்ளிக்கொள்ளலாம். கேள்வி பாதி இங்கிலீஷில் வரும், பதிலும் பாதி இங்கிலீஷில் எழுதலாம், மீதிக்கு கைடு இருக்கிறது. பிரெஞ்சு தெரியாமலேயே பிரெஞ்சில் தொண்ணூறு வாங்கின பிள்ளைகள் எங்கள் ஊரில் வதவதவென்று கிடக்கிறார்கள். டாக்டர் வீட்டுப் பிள்ளைகள், வக்கீல் வீட்டுப் பிள்ளைகள். ரிசல்ட் வந்த மறுநாள் ஒரு பிள்ளைகூட ஞானசம்பந்தனைத் திரும்பிப் பார்த்ததில்லை. தமிழ்த்துறைக்காரர்கள் வேறு, "தாய்ப்பால் இருக்க புட்டிப்பால் ஊத்துதீரே வே" என்று போகிற வருகிற இடத்திலெல்லாம் சீண்டுவார்கள். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய பிரெஞ்சு. அம்பாசமுத்திரம் பக்கம் பூர்வீகம். நிலம் இருந்து, பாகம் பிரித்து, விற்று, கடைசியில் படிப்பு மட்டும் மிஞ்சிய சைவக் குடும்பம். மெட்ராஸில் எம்.ஏ. இங்கிலீஷுக்கு விண்ணப்பம் போட்டாராம். சீட் நிரம்பிவிட்டது, பிரெஞ்சில் காலி இருக்கிறது என்றார்களாம். சும்மா ஊர் திரும்புவதற்குப் பதில் எதையாவது படிப்போமே என்று சேர்ந்திருக்கிறார். வேண்டாத பெண்ணைக் கட்டி வைத்து, அப்புறம் அவளைவிட்டுப் பிரியமாட்டேன் என்று நின்ற கதைதான். பிரான்ஸுக்குப் போனதில்லை. பிரெஞ்சுக்காரர் ஒருவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசியதுமில்லை. ஆனால் அந்த மொழியின் எலும்பு எலும்பாக அவருக்குத் தெரியும்.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'பார்த்தீர்'. முதல் வாரத்தில் அவர் நடத்துகிற வினைச்சொல் அது. 'புறப்பட' என்று அர்த்தமாம். கடைசி எழுத்தை அவர் தொண்டைக்குள்ளிருந்து உருட்டி எடுப்பார். வகுப்பு முழுவதும் இருமுவதுபோல் திருப்பிச் சொல்லும். வராந்தாவில் அவர் நிழல் தெரிந்தால் போதும், "பார்த்தீர் வாராரு லே" என்று ஒரு குரல் கேட்கும்.

சாயங்காலம் மார்க்கெட் பக்கம் ஒரு டீக்கடையில் நானும் அவரும் உட்காருவோம். அங்கேதான் அவருடைய ஆராய்ச்சியைப் பற்றி நான் கேள்விப்பட்டது. பிரெஞ்சிலும் இங்கிலீஷிலும் உள்ள செய என் எச்சம். அதாவது போக, வர, சாப்பிட என்கிறோமே, அந்த மாதிரிச் சொற்கள். அவை இரண்டு மொழியிலும் வாக்கியத்துக்குள் எங்கே உட்காருகின்றன, எப்படி உட்காருகின்றன என்பதுதான் விஷயம். வேலையில்லாதவன் பூனைக்குச் சிரைத்த கதையாக இருக்கிறதே என்று நான் முதலில் நினைத்தேன். அவரிடம் சொல்லவும் செய்தேன்.

"இல்ல வே," என்றார். "போகன்னு ஒரு சொல்லு இருக்கு. யாரு போகுதா, எப்பப் போகுதா, ஒண்ணும் தெரியாது. போக. அம்புட்டுத்தான். பாஷைக்குள்ள அது ஒரு அநாதை. இங்கிலீஷ்காரன் அதுக்குத் துணைக்கு ஒரு 'டு' போட்டிருக்கான். டு கோ, டு ஈட். எங்க போனாலும் பெரும்பாலும் அந்த ஒரே ஆளுதான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வருவான். பிரெஞ்சுக்காரன்கிட்ட அப்படி இல்ல. 'விரும்புதேன்'னா பின்னாடி அது வெறுமனே வரலாம். 'ஆரம்பிச்சேன்'னா நடுவுல 'அ'ன்னு ஒண்ணு வேணும். 'நிறுத்திட்டேன்'னா 'த'ன்னு ஒண்ணு வேணும்."

"அது ஏன்?"

"சம்பந்தக்காரங்க வீட்டு முறை மாதிரி வே. ஒரு வீட்டுல வாயால கூப்பிட்டாப் போதும். ஒரு வீட்டுக்கு வெத்தலை பாக்கு வைக்கணும். ஒரு வீட்டுக்குத் தாம்பாளத்தோட போகணும். எந்த வீட்டுக்கு எதுன்னு தெரிஞ்சு வச்சுக்கிட வேண்டியதுதான்."

இன்னொரு நாள், 'அவன் போகணும்னு எனக்கு ஆசை' என்பதை எடுத்துக்கொண்டார். இங்கிலீஷ்காரன் அதை ஒரே மூச்சில், ஐ வாண்ட் ஹிம் டு கோ என்று சொல்லிவிடுவானாம். அடுத்தவன் போவதையும் தன் ஆசைக்குள் இழுத்துப் போட்டுக்கொள்வானாம். பிரெஞ்சில் அது செல்லாது. நான் போக எனக்கு ஆசை என்றால் அந்த எச்சம் போதும். அவன் போக வேண்டுமென்றால் அவனுக்குத் தனியாக ஒரு வாக்கியம் கட்டித் தர வேண்டும்.

"ஏன்னா அவன் வேற ஆளு பாத்தீரா," என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"டீ ஆறுது, குடியும்," என்றேன்.

இதில் எனக்குக் குற்ற உணர்ச்சி ஒன்றுமில்லை. அவர் மட்டும் என்னுடைய ஆசிடையும் ஆல்கலியையும் காது கொடுத்துக் கேட்டாரா என்ன? நான் அவருக்கு டீக்கு சிநேகிதன், கஷ்டத்துக்கு சிநேகிதன், ஸ்கூட்டருக்கும் சிநேகிதன். பிரெஞ்சுக்கு இல்லை. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

பிரெஞ்சுக்கு அவருக்கு வாய்த்த ஒரே சிநேகிதி அவர் மனைவி கோமு. அந்த அம்மாள் பள்ளிக்கூடப் படிப்பைக்கூட முடித்தவர் இல்லை. ஆனால் இவர் டவுனில் இருந்த வீட்டுக்குள் நுழைந்து சட்டையைக் கழற்றுவதற்குள், "இன்னைக்கு என்ன ஓடிச்சு?" என்று கேட்டுவிடுவார். இவர் சொல்வார். அந்த அம்மாள் தேங்காய் துருவிக்கொண்டே குறுக்குக் கேள்வி போடுவார். ஒரு நாள் நானும் தேங்காய்ப்பால் சொதிக்குச் சாப்பிடப் போயிருந்தேன். பிரெஞ்சுச் சமையல் புத்தகத்தில் 'வெங்காயத்தை நறுக்கு' என்று எழுதமாட்டார்கள், 'வெங்காயம் நறுக்க, எண்ணெய் ஊற்ற' என்று எச்சத்தில்தான் எழுதுவார்கள் என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார். இங்கிலீஷ்காரன் ஆளைப் பார்த்து ஏவுவான், பிரெஞ்சுக்காரன் யாரையும் பார்க்காமல் சொல்வான் என்றார்.

"யாரையும் பாக்காம பொத்தாம்பொதுவாச் சொன்னா யாரு நறுக்குவா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்தக் கேள்விதான் தன்னுடைய மூன்றாம் அத்தியாயம் என்று பின்னால் ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அவர் ஆராய்ச்சிக்குப் பதிவு செய்த வருடமே கோமு அம்மாள் காமாலையில் போய்விட்டார். மகள் பிருந்தாவைக் கட்டிக் கொடுத்து பம்பாய்க்கு அனுப்பியாயிற்று. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் போவதற்கே எனக்குச் சங்கடமாக இருக்கும். ஒரு நாற்காலியில் ஆள் உட்கார்ந்த பள்ளம், மற்ற நாற்காலிகளில் புத்தகம். ஞாயிற்றுக்கிழமை மகள் பக்கத்து வீட்டுக்கு டெலிபோன் பண்ணி, "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்பாள். அதுவும் கேள்விதான். ஆனால் 'சாப்பிட்டேன்' என்பதற்கு மேல் அதற்குப் பதில் கிடையாது. விடிகாலையில் பழைய ரேடியோவைத் திருகித் திருகிப் பிரெஞ்சுச் செய்தி பிடிப்பார். இரைச்சலுக்கு நடுவே செய்தி வாசிக்கிறவன் வணக்கம் சொன்னால் இவரும் சத்தமாகத் திருப்பி வணக்கம் சொல்வார். பால் ஊற்றுகிற தங்கத்தாய், "ஐயா காலங்காத்தால ஏதோ மந்திரம் சொல்லுதாக, நமக்குத்தான் விளங்கல," என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

இப்படியே வருடங்கள் போயின. மெட்ராஸில் இருந்த அவருடைய வழிகாட்டி ஓய்வு பெற்று அமெரிக்காவில் மகனிடம் போய்விட்டார். வேறு ஆள் இல்லாததால் எங்கள் இங்கிலீஷ் துறைத் தலைவர் கோபாலசுப்பிரமணியன் பெயருக்கு வழிகாட்டியாக வந்தார். நல்ல மனிதர். ஆய்வேட்டை வாங்கி, கனத்தைக் கையால் பார்த்து, "ரொம்ப உழைச்சிருக்கீர்," என்று கையெழுத்துப் போட்டார். தொண்ணூற்றாறாம் வருடம் முடிகிற சமயம், வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்து வந்தது.

இந்த வாய்மொழித் தேர்வு எங்கள் பக்கத்தில் எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். டாக்டர் பட்டத்துக்கு எழுதினவர் ஊர் அறிய ஒரு கூட்டத்தில் நிற்க வேண்டும். வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து கேள்வி கேட்பார். பிறகு சபையில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். சபை வருவது கேசரிக்கும் உளுந்தவடைக்கும். ஆகவே சபையில் கேள்வி எதுவும் இருக்காது. அதற்காக, பட்டம் வாங்குகிறவரே முந்தின நாள் கேள்விகளைச் சீட்டில் எழுதி நாலு சிநேகிதர்கள் கையில் கொடுத்து வைப்பார். அவர்கள் எழுந்து வாசிப்பார்கள். இவர் யோசிப்பதுபோல் பாவனை செய்து, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, மனப்பாடமாகப் பதில் சொல்வார். 'இந்த ஆய்வால் சமுதாயத்துக்கு என்ன பயன்?' என்ற கேள்வி எல்லாச் சபையிலும் கட்டாயம் உண்டு. புழுவைப் பற்றி ஆராய்ந்தாலும் உண்டு, புராணத்தைப் பற்றி ஆராய்ந்தாலும் உண்டு. கேட்கிறவர், சொல்கிறவர், பரீட்சை வைக்கிறவர் எல்லோருக்கும் இது தெரியும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை காசிக்குப் போகிறேன் என்று குடை பிடித்துக் கிளம்புவதுபோல இதுவும் ஒரு சடங்கு.

கல்லூரியில் யாருக்கு இந்த வைவா வந்தாலும் காமர்ஸ் அப்பாத்துரைதான் பொறுப்பு. பந்தல், பேனர், வடை, சீட்டு எல்லாம் அவன் கையால் நடக்கும். எள் என்றால் எண்ணெயாக நிற்பான். அன்றைக்கும் வந்து நின்றான்.

"ஸார், கேள்வியை எழுதிக் குடுங்க. ஆளு நான் செட் பண்ணிருதேன்."

"வேண்டாம்ப்பா," என்றார் ஞானசம்பந்தன்.

"சபையில யாரும் வாயத் தொறக்காட்டா மானக்கேடு ஸார்."

"தொறக்காட்டா தொறக்காம இருக்கட்டும். என் கேள்விய நானே எழுதி நானே பதில் சொல்லதுக்கு எனக்குச் சபை எதுக்கு? வீட்டுல அதைத்தானே செஞ்சுக்கிட்டு இருக்கேன்." பிறகு, "ஒரு ஆளு நெசமாக் கேக்கட்டும். இத்தனை வருசம் எழுதியிருக்கேன். ஒரே ஒரு ஆளு போதும். கெமிஸ்ட்ரி, நீரும் கேக்கப்படாது வே," என்றார்.

"எனக்கு என்ன தெரியும் கேக்கதுக்கு?" என்றேன்.

"அதான் சொல்லுதேன்."

அப்பாத்துரை தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

கூட்டத்துக்கு முன்னால் ஆய்வேட்டின் ஒரு பிரதியை நூலகத்தில் வைக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் வாசித்துப் பார்க்கலாம் என்று விதி. வாசித்தவர் யாரும் சரித்திரத்தில் இல்லை. ஆனால் இவர் தினமும் வகுப்பு முடிந்ததும் நூலகத்துக்குப் போவார். அங்கே இருக்கும் பீர் முகம்மதிடம், "யாராவது எடுத்தாங்களா?" என்று கேட்கக் கூச்சப்பட்டு, ஏதோ அகராதி பார்க்க வந்தவர்போல அந்த மேஜைப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார். ஒரு நாள் சாயங்காலம் டீக்கடைக்கு வேகமாக வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது.

"யாரோ வாசிச்சிருக்காவ வே. பைண்டிங்கில ஒரு சிவப்பு நாடா உண்டுல்லா? முதல் பக்கத்துல விட்டிருந்தேன். இன்னைக்குக் கடைசிப் பக்கத்துல கிடக்கு."

"யாரா இருக்கும்?"

"தெரியல. கேக்க வேண்டாம். வாரவரு தானா வரட்டும்."

அன்று டீக்கு அவர்தான் காசு கொடுத்தார், எனக்கு ஒரு வடையும் வாங்கித் தந்தார். நான் வடையைச் சாப்பிட்டுக்கொண்டே, கடவுளே, அப்படி ஒரு ஆள் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை. வெளியிலிருந்து வந்த பேராசிரியர் பிரெஞ்சில் பெரிய ஆள். இவர் வாசலிலேயே போய் நின்று, கை குவித்து, பல நாளாகத் தயார் செய்து வைத்திருந்த வரவேற்பைப் பிரெஞ்சில் சொன்னார். வந்தவர் பிரயாணக் களைப்பில் இருந்தார். தோளில் தட்டி, "இங்கிலீஷ்லயே பேசிருவோம் மிஸ்டர். சபைக்குப் புரியணும் இல்லையா?" என்றார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஞானசம்பந்தனின் வாய் அடுத்த வாக்கியத்துக்குத் திறந்தபடியே கொஞ்ச நேரம் இருந்ததை நான் பார்த்தேன்.

நான் ஹாலின் பின்பக்கம் வடைக் கூடைக்குக் காவல். இவர் முக்கால் மணி நேரம் பேசினார். பேராசிரியர் இரண்டு கேள்வி கேட்டார். மேற்கோள் நூல் பட்டியலில் இரண்டு இடத்தில் வருடம் விட்டுப்போயிருக்கிறது என்றார். பக்க ஓரம் இன்னும் கொஞ்சம் அகலமாக விட்டிருக்கலாம் என்றார். சாயங்காலம் அவருக்கு நெல்லை எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டும். கோபாலசுப்பிரமணியன் எழுந்து, "சபையில் உள்ளவர்கள் கேட்கலாம்," என்றார்.

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. முன்வரிசையில் ஒருவர் கொட்டாவியை மறைத்தார். ஞானசம்பந்தன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பந்தியில் எல்லோருக்கும் பரிமாறி முடித்தபின் மிச்சம் இருக்குமா என்று பார்க்கிற ஆள்போல இருந்தது அந்தப் பார்வை. எனக்குத் தாங்கவில்லை. கூடையை மூடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அப்போது நடுவரிசையிலிருந்து அகமது மீரான் எழுந்தார். அந்த வருடம்தான் கணக்குத் துறையில் சேர்ந்த இளைஞர், மேலப்பாளையத்துக்காரர். அநாவசியமாக ஒரு வார்த்தை பேசமாட்டார். "ஸார், உங்கள் ஆய்வு இரண்டு மொழிகளோடு நின்றுவிட்டது. அடுத்தவனுடைய செயலை ஆங்கிலம் தன் எச்சத்துக்குள் ஏற்றுக்கொள்கிறது, பிரெஞ்சு பல இடங்களில் மறுக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் தமிழ் என்ன செய்கிறது?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

ஞானசம்பந்தன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "என்னுடைய கடைசிப் பக்கத்தில், கடைசிப் பத்தியில் நான் விட்டுவிட்டுப் போன கேள்வி இது. இதற்கு அவசரமாகப் பதில் சொன்னால் கேட்டவருக்கு மரியாதை இல்லை. நான் யோசித்து வந்து சொல்கிறேன்," என்றார். பேராசிரியருக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. கைதட்டல், டாக்டர் பட்டம், மாலை, கேசரி எல்லாம் நடந்தது. மாலையோடு அவர் மீரானைத் தேடினார். மீரான் ஜும்மா தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று முன்பே கிளம்பிவிட்டிருந்தார்.

மறுநாளிலிருந்து அரைப் பரீட்சை விடுமுறை. அந்த விடுமுறையில் அவர் ஆளே மாறிப்போனார். எந்தத் தமிழ்த்துறை அவரைச் சீண்டியதோ அவர்கள் வீட்டுக்கே போய் இலக்கண உரைகளை இரவல் வாங்கினார். மகள் டெலிபோன் பண்ணியபோது, "சாப்பிட்டேன்" என்பதோடு நிறுத்தாமல், "ஒரு ஆளு கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிச்சிருக்காரும்மா," என்றாராம். என்னிடமே பல தடவை சொன்னார். "கணக்கு வாத்தியாருக்கு என்ன தலையெழுத்து, பிரெஞ்சு இலக்கணத்தை வாசிக்க? ஆசை இருக்கப் போய்த்தானே வாசிச்சிருக்காரு?" அவர் சந்தோஷத்தைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாக இருந்தது. கோமு அம்மாள் போனபிறகு அவர் நாளைக்கு என்று எதையும் எதிர்பார்த்து நான் கண்டதில்லை.

விடுமுறை முடியும்வரை அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் பிற்பகல் என் ஸ்கூட்டரில் ஏறி, "மேலப்பாளையத்துக்கு விடும் வே," என்றார். மடியில் ஒரு பை, அதற்குள் எழுதின காகிதங்கள்.

மீரான் வீடு பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில். அண்ணன் சவுதியிலிருந்து அனுப்பிய பணத்தில் மாடி பாதி எழும்பி நின்றது. அடுத்த வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் மீரான் பதறி எழுந்து, நாற்காலியைத் துடைத்து, "வாங்க ஸார், சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே," என்றார். உள்ளிருந்து டீயும் முறுக்கும் வந்தன.

ஞானசம்பந்தன் டீயைத் தொடவில்லை. "தம்பி, மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. நீங்க எந்த அத்தியாயத்துல இருந்து வாசிக்க ஆரம்பிச்சீங்க? மொதல்ல இருந்தா, இல்ல மூணுல இருந்தா? மூணுதான் சுலபம்," என்றார்.

மீரான் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஸார், நான் பொய் சொல்லப்படாது," என்றார் மீரான். "நான் அதை வாசிக்கல. அப்பாத்துரை ஸார் ஒரு சீட்டைக் குடுத்து, எந்திரிச்சு வாசிங்கன்னாரு. லைப்ரரில போய்க் கடைசிப் பக்கத்தைப் பாத்து எழுதினேன்னாரு. இங்க எல்லாருக்கும் அப்படித்தான் செய்யுதாங்க, ஸாருக்கும் தெரியும்னாரு. நான் புதுசு ஸார். நீங்க சொல்லித்தான் செய்யுதாங்கன்னு நெனைச்சேன்."

தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பாத்துரையை அந்த இடத்திலேயே கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. அவன் என்ன செய்வான், பாவம்? சபையில் இந்த மனிதர் தலை குனியக் கூடாது என்று செய்திருக்கிறான். மற்றவர்களுக்கு நாலு கேள்வி தயார் செய்கிறவன், இவர் வேண்டாம் என்றதற்காக ஒன்றோடு நிறுத்தியிருக்கிறான். அதையும் இவர் புத்தகத்திலிருந்தே எடுத்தால் இவருக்குச் சுலபமாக இருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறான். நல்லதுக்குச் செய்ததை வைத்து யாரைக் கோபிப்பது?

ஞானசம்பந்தன் பையின் வாயை மடித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நீங்க என்ன செய்வீங்க தம்பி, சும்மா இருங்க," என்றார். முறுக்கில் ஒரு துண்டு ஒடித்தார், வாயில் போடவில்லை. பிறகு ரொம்பத் தயங்கி, "பதிலைக் கொண்டாந்துட்டேன். சொல்லிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டார்.

"சொல்லுங்க ஸார்," என்றார் மீரான். நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவர் காகிதத்தை எடுத்தாரே தவிரப் பார்க்கவில்லை. "மழை பெய்யக் குளம் நிறைஞ்சுதுன்னு சொல்லுதோம்லா தம்பி? பெய்யதுக்கு மழை இருக்கு. நிறையதுக்குக் குளம் இருக்கு. ரெண்டும் வேற வேற ஆளு. பிரெஞ்சுலயும் இங்கிலீஷ்லயும் இந்த எச்சம் பெரும்பாலும் பக்கத்து வினைகிட்ட இருந்து ஆளை இரவல் வாங்கும். இல்லன்னா இன்னொரு சொல்லோட தயவு வேணும். நம்ம பாஷையில அப்படி இல்ல. அது பாட்டுக்குத் தன் ஆளைக் கூடவே வச்சுக்கிட்டு நிக்கும். ஊரே பாக்க அவன் போனான். பிள்ளை அழத் தாய் எந்திரிச்சா." கொஞ்சம் நிறுத்தினார். "அவ சமைக்க நான் சாப்பிட்டேன். ஒரே வாக்கியம். ரெண்டு பேரு. அதை எல்லாப் பாஷையிலயும் அநாதைன்னு நான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சது தப்பு."

இன்னும் சொன்னார். எந்த இடத்தில் இது செல்லும், எந்த இடத்தில் செல்லாது, 'வரச் சொன்னேன்' என்பதில் வருகிறவன் யார், 'வர விரும்பினேன்' என்பதில் வருகிறவன் யார். வகுப்பில் இவ்வளவு நன்றாக அவர் நடத்தியிருக்க முடியாது. அத்தனை வருட டீயில் விளங்காதது எனக்கு அன்றைக்கு விளங்கியது. விளங்கியதே தவிரக் கேட்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை. மீரான் கை கட்டிக்கொண்டு, ஒரு தடவைகூட வெளியே பார்க்காமல் கேட்டார். முடிந்ததும், "ரொம்ப நல்லா இருக்கு ஸார். தெளிவாப் புரிஞ்சுது," என்றார். மனசாரத்தான் சொன்னார்.

ஞானசம்பந்தன் தலையசைத்தார். காகிதங்களை முழங்கால்மேல் தட்டிச் சீராக்கினார். உடனே எழுந்திருக்கவில்லை. மீரானைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஹாலில் சபையைப் பார்த்த அதே மாதிரி.

மீரானுக்கும் அது புரிந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் முகம் சிவந்தது. வாயைத் திறந்தார், மூடினார். ஏதாவது கேளேன், எதையாவது கேளேன் என்று நான் உள்ளுக்குள் மன்றாடினேன். சமுதாயத்துக்கு என்ன பயன் என்றாவது கேட்டுத் தொலையேன். அவர் கேட்கவில்லை.

"சரி தம்பி, வாரேன்," என்று எழுந்தார். மீரான் சந்து முனைவரை கூடவே வந்து வழியனுப்பினார்.

பஜாரில் கூட்டமாக இருந்தது. ஸ்கூட்டரை மெதுவாக உருட்டிக்கொண்டு நடந்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல், "அந்த அப்பாத்துரைய நாளைக்குக் கேக்கேன் பாரும்," என்றேன்.

"அவன விடும்," என்றார். பையை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"நல்ல பையன் வே, அந்த மீரான்," என்றார். "பொய் சொல்லத் தெரியல. ஒரு கேள்வி இருந்திருந்தா கேட்டிருப்பான்."